மரச்சட்டகத்தின் மேல் கான்கிரீட் தளம்: கார் நிறுத்தக் கட்டடத்தில் இரண்டையும் பிணைப்பதா, தனித்தனியாக விடுவதா?

தளக்கோடு (கேள்வி):

பக்கங்கள் திறந்த, மூன்று அடுக்கு கார் நிறுத்தக் கட்டடம் ஒன்றுக்கு முன்வரைவு போட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டகம் முழுக்க ஒட்டுமரம் (கிளூலாம், மரப்பலகைகளை அடுக்கி ஒட்டியது). ஒரு பக்கம் 5 மீட்டர் கார் வரிசை, நடுவில் 6 மீட்டர் ஓடுபாதை, மறுபக்கம் 5 மீட்டர் கார் வரிசை. ஆக 16 மீட்டர் நடுத்தூண் இல்லாமல் தாண்ட வேண்டும். உத்திரங்கள் 2.5 மீட்டருக்கு ஒன்று, அவற்றின் மேல் 120 மி.மீ. ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்த) கான்கிரீட் பலகைகள். 3 டன்னுக்கு உட்பட்ட கார்கள் மட்டுமே வரும். மேல் தளத்துக்குக் கூரை உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

உத்திரத்துக்கு 900 மி.மீ. ஆழம் போதும் என்று தோராயமாக எடுத்திருக்கிறேன். பலகையை உத்திரத்தோடு திருகுபோட்டுப் பிணைத்துக் கூட்டாக வேலை செய்ய வைப்பது நல்லதா, அல்லது மேலே உட்காரவைத்தால் போதுமா? தண்ணீர் விஷயத்தில் எங்கே கோட்டைவிடுவார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உத்திரக்கணக்கு:

பிணைக்காமல் வைத்தால் 900 போதாது. யூரோகோடு (ஐரோப்பியக் கட்டட வடிவமைப்பு விதிகள்) முறையில் போட்டுப் பார்ப்போம்.

பலகையும் நீர்த்தடுப்புப் பூச்சும் சதுர மீட்டருக்கு 3.2 கிலோநியூட்டன். 2.5 மீட்டர் அகலத்துக்கு அது மீட்டருக்கு 8. உத்திரத்தின் சொந்த எடை 1.2 சேர்த்தால் நிலைச்சுமை 9.2. வாகனச்சுமை சதுர மீட்டருக்கு 2.5 என்று எடுத்தால் மீட்டருக்கு 6.25. 1.35, 1.5 என்ற பாதுகாப்புப் பெருக்கிகளோடு மொத்தம் மீட்டருக்கு 21.8 கிலோநியூட்டன், 16 மீட்டருக்கு வளைதிருப்புமை சுமார் 698 கிலோநியூட்டன் மீட்டர்.

240 × 1120 மி.மீ. வெட்டுமுகம் எடுத்தால் வளைதகைவு 13.9 மெகாபாஸ்கல். ஜிஎல்28எச் என்ற ஒட்டுமரத் தரத்துக்கு, மழை நேரடியாகப் படாத திறந்த இடத்தில் (சேவை வகுப்பு 2), வடிவமைப்பு வலிமை 17.9. தாராளமாகத் தாங்கும். ஆனால் மழை நேராகப் படும் மேல் தளம் வகுப்பு 3. அங்கே அதே மரத்தின் வலிமை 14.6 ஆக இறங்கிவிடும், ஏறக்குறைய விளிம்பில் நிற்கிறது. வலிமையைவிடத் தொய்வுதான் கறார். நிலைச்சுமையால் உடனே 22 மி.மீ., வாகனச்சுமையால் 15. மரம் காலப்போக்கில் மெல்ல வளைந்துகொடுப்பதையும் சேர்த்தால் (வகுப்பு 2-க்குக் கெழு 0.8) மொத்தம் 62 மி.மீ. தாண்டும் நீளத்தில் 250-இல் ஒரு பங்கு என்ற வரம்பு 64. ஆக 1120 என்பது சரியாகப் பொருந்துகிறது, மிச்சம் ஒன்றும் இல்லை.

இந்த 62 மி.மீ. தொய்வைக் கண்ணுக்குத் தெரியும் குறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். முழுத் தொய்வில் உத்திர முனையின் சரிவு 1.24 சதவீதம். உத்திரத்தின் நீளவாக்கில் 1 சதவீதம்தான் வாட்டம் கொடுத்திருந்தால், தாழ்ந்த முனைக்கு முன்னால் தளம் திரும்பவும் மேலேறும், தண்ணீர் அங்கே குளம் கட்டும். ஆலையிலேயே 40 மி.மீ. மேல்வளைவு கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். நிலைச்சுமையின் நீண்டகாலத் தொய்வு அதில் கழிந்துவிடும். மீதி 22 மி.மீ. தொய்வுக்கு முனைச்சரிவு 0.44 சதவீதம். 2 சதவீத வாட்டம் வைத்தால் எந்த நாளும் ஏறக்குறைய 1.5 சதவீதம் கையில் இருக்கும். 16 மீட்டருக்கு 320 மி.மீ. உயர வித்தியாசம் வரும் என்பதால் கார் போவதற்கு வேண்டிய 2.2 மீட்டர் உயரத்தைத் தாழ்ந்த முனையில் அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. முனையில் எதிர்விசை 174 கிலோநியூட்டன். மரத்தை இழைக்குக் குறுக்கே நசுக்கினால் தாங்கும் வலிமை மிகக் குறைவு, வடிவமைப்பில் 1.6 மெகாபாஸ்கல். தாங்கலுக்கான 1.75 கெழுவைச் சேர்த்தாலும் 260 மி.மீ. இருக்கை நீளம் வேண்டும். 300 கொடுங்கள்.

ஓதம்காப்பான்:

தண்ணீரைப் பற்றிக் கேட்டதால் நீளமாகவே எழுதுகிறேன். இந்த வகைக் கட்டடம் நிற்பதும் வீழ்வதும் அங்கேதான்.

மரத்தின் ஈரம் தொடர்ந்து 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சை வேலை செய்யாது. பக்கங்கள் திறந்த கட்டடத்தில் காற்றோட்டம் தாராளம்; நனைந்த மரமும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆபத்து, நனைந்தபின் காற்றுப் படாத இடத்தில்தான்: உத்திரத்தின் மேல்முகத்துக்கும் பலகையின் அடிக்கும் நடுவே. பலகைகளின் இணைப்பு சரியாக உத்திரத்தின் தலைமேல்தான் வருகிறது. இணைப்பை அடைக்கும் சீலண்ட் விரிசல் விட்டால் தண்ணீர் நேராக மரத்துக்குள் இறங்கும், கீழே நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கார் டயரோடு வரும் மழைநீரும் கசிகிற எண்ணெயும் வருடம் முழுக்க அங்கேதான் போகும்.

செய்ய வேண்டியது இது. பலகையை 2.5 மீட்டரில் வெட்டாமல் 5 மீட்டர் நீளத்தில் வார்த்து மூன்று உத்திரங்கள்மேல் தொடராக வையுங்கள். 5 × 2.4 × 0.12 மீட்டர் பலகையின் எடை 3.6 டன், நடுத்தர கிரேன் தூக்கிவிடும். இணைப்பு ஒன்றுவிட்டு ஒரு உத்திரத்தில் மட்டும் வரும், தளமும் விறைப்பாக இருக்கும். நடு உத்திரத்தின் மேலே பலகை மேல்நோக்கி வளையும், ஆகவே அங்கே மேல்கம்பி கட்டாயம். இணைப்புள்ள உத்திரத்தில் 20 மி.மீ. இடைவெளி போக ஒவ்வொரு பலகைக்கும் 110 மி.மீ. இருக்கை கிடைக்கும். 240 அகலத்தைக் குறைக்க ஆசைப்படாதீர்கள்.

ஒவ்வொரு உத்திரத்தின் மேல்முகத்திலும், இணைப்பு வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு பக்கமும் 40 மி.மீ. வெளியே நீட்டி, விளிம்பைக் கீழ்நோக்கி மடித்த உலோகத் தொப்பி போடுங்கள். அதன்மேல் ஈபிடிஎம் ரப்பர் பட்டை, அதன்மேல் பலகை. மேலே எது ஒழுகினாலும் தொப்பியில் இறங்கி, மரத்தின் பக்கவாட்டைத் தொடாமல் சொட்டிவிடும். திருகு துளைக்கும் இடங்களில் தொப்பிக்கும் திருகுக்கும் நடுவே ரப்பர் வாஷர் வேண்டும்.

தளத்தின் மேல் பாலியூரித்தேன் பூச்சு, இணைப்புகளில் பூச்சுக்கு அடியே வலுவூட்டும் துணி. திருப்பங்களிலும் சரிவுப்பாதையிலும் டயர் முறுக்கித் தேய்ப்பதால் அங்கே தடிமனான தேய்மான அடுக்கு தேவை. வடிகால் வாயை உத்திரத்திலிருந்து குறைந்தது 300 மி.மீ. தள்ளி வையுங்கள், இறங்கும் குழாயைத் தூணோடு ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். அழகுக்காகக் குழாயைத் தூணின் பின்னால் மறைப்பது வழக்கம். குழாய் கசிந்தால் தூணின் அடிமுனைதான் முதலில் போகும்.

மேல் தளத்துக்குக் கூரை போடுங்கள். எடை குறைந்த தகடு போதும். அது இருந்தால் சட்டகம் முழுவதும் வகுப்பு 2-க்குள் வந்துவிடும், மேலே சொன்ன 14.6 கவலையும் தீரும்.

கூட்டுவினை:

முந்தைய இரண்டு பதில்களும் பிணைக்காமல் வைப்பதையே நம்பி எழுதப்பட்டிருக்கின்றன. பிணைத்தால் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். 120 மி.மீ. பலகை அழுத்தத்தை ஏற்றுக்கொண்டால் கிட்டத்தட்ட 900 மி.மீ. உத்திரமே போதுமானதாகிவிடும். அதாவது தளத்துக்குத் தளம் 220 மி.மீ. மிச்சம், 15 சதவீதச் சரிவுப்பாதையின் நீளத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒன்றரை மீட்டர் குறையும். மரத்தின் கன அளவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

முறை: பலகையில் வார்க்கும்போதே குழிகள் விட்டு, அவற்றின் வழியே 45 பாகையில் முழுநீள மரையுள்ள துருப்பிடிக்காத திருகுகளை உத்திரத்தில் இறக்கி, சுருங்காத க்ரௌட் (சிமெண்ட் கலவை) நிரப்புவது. திருகுகளைச் சமதூரத்தில் போடக் கூடாது. பலகை மரத்தின்மேல் நழுவப் பார்க்கும் வழுக்குவிசை முனைகளில்தான் அதிகம். இரு முனைகளிலும் உத்திர நீளத்தின் கால்பங்குக்கு நெருக்கமாக, நடுவில் தளர்வாக. கணக்குக்கு யூரோகோடு 5-இன் பின்னிணைப்பு பி, மேலும் மரம்-கான்கிரீட் கூட்டுக் கட்டுமானத்துக்காக 2021-இல் வந்த ஐரோப்பிய விவரக்குறிப்பு சிஇஎன்/டிஎஸ் 19103. க்ரௌட் வலுப்பெறும்வரை உத்திரத்துக்கு நடுவில் முட்டு நிற்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் பலகையின் எடை முழுவதும் மரத்தின் மேலேயே ஏறிவிடும், பிணைப்பு பின்னால் வரும் கார்களுக்கு மட்டும்தான் உதவும்.

பலகைகளை வார்த்து இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து பயன்படுத்துங்கள். புதுக் கான்கிரீட் மீட்டருக்கு 0.3 மி.மீ. சுருங்கினாலும் 16 மீட்டரில் 5 மி.மீ. ஆகிவிடும், அந்த இழுப்பு முழுவதும் திருகுகளின் மேல் விழும், உத்திரமும் கூடுதலாகத் தொய்யும்.

உத்திரக்கணக்கு:

எண்கள் சரிதான். ஆனால் இந்தக் கட்டடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2.4 மீட்டர் அகலப் பலகைகள் என்றால் 16 மீட்டரில் ஆறு குறுக்கு இணைப்புகள். கூட்டுவினைக்கு அழுத்தம் இந்த ஆறையும் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. வெற்றிடம் இருந்தாலும் மொத்தம் 3 மி.மீ.; அது மூடும்வரை பலகை சும்மா சவாரி செய்யும், மரம் தனியாகச் சுமக்கும். நிரப்பு முழுமையாக இருக்கிறதா என்று பின்னால் சோதிக்கவும் வழியில்லை. அதோடு, பிணைத்தால் ரப்பர் பட்டையும் தொப்பியும் போட முடியாது, வழுக்கிவிடும். மரத்தின் தலையைக் காக்கும் ஒரே பொருளைக் கழற்றிவிட்டு 220 மி.மீ. வாங்குவது எனக்குச் சம்மதம் இல்லை.

பலகைக்கு நான்கு திருகு, வார்த்தபோதே வைத்த உறைகளின் வழியே. பக்கவாட்டு விசையைக் கடத்த அது போதும். விசையைத் தரைக்குக் கொண்டுபோகக் குறுக்குச் சட்டங்களோ படிக்கட்டுக் கான்கிரீட் கூடோ இருக்கட்டும். இருபது வருடம் கழித்து ஒரு பலகையில் கம்பி துருப்பிடித்தால் நான்கையும் கழற்றி அதை மட்டும் தூக்கிவிடலாம். கான்கிரீட்டுக்கு நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போக வேண்டாம்; கடற்காற்றோ பனிக்கால உப்போ உள்ள இடத்தில் இது கண்டிப்பு.

தளக்கோடு:

பிணைக்காமல் 1120 ஆழம், 40 மேல்வளைவு, கூரை. முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. மரம் என்றதும் எல்லோரும் தீயைத்தான் கேட்கிறார்கள். தூண்களையும் கார் இடித்தால் என்ன ஆகும்?

கருகல்அடுக்கு:

ஒட்டுமரம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கருகும். 60 நிமிடத்துக்கு 42, சூட்டில் வலுவிழக்கும் அடுக்கு 7. தீப்படும் ஒவ்வொரு பக்கமும் 49 மி.மீ. கழித்துவிடுங்கள். 240 × 1120 உத்திரத்தில் மீதி 142 × 1071. தீ நேரச் சுமைக்கு அதன் தகைவு 16 மெகாபாஸ்கல், தாங்கும் வலிமை 32. 90 நிமிடத்திலும் 100 × 1050 மிஞ்சி, தகைவு 24-க்குள் நிற்கும். உத்திரம் பிரச்சினை இல்லை. வெளியே தெரியும் எஃகு இருக்கைகளும் போல்ட்டுகளும்தான் முதலில் கைவிடும். தகட்டை மரத்துக்குள் செருகி, எல்லாப் பக்கமும் 50 மி.மீ. மரம் மூடும்படி செய்யுங்கள். தகட்டை மரத்தோடு கோக்கும் எஃகு ஊசிகளின் துளைகளை மர முளையால் அடைக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு தரப்படுத்தப்பட்ட தீச்சோதனையின் வெப்ப வளைவுக்கு. கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பற்றினால் நிலைமை வேறு. 2017 டிசம்பர் 31-இல் லிவர்பூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தது கான்கிரீட் கட்டடத்தில். 2023 அக்டோபரில் லூட்டன் விமான நிலையத்தில் பகுதியாக இடிந்து விழுந்தது எஃகுச் சட்டகம். சட்டகம் எதுவானாலும் தீயணைக்கும் நீர்த் தெளிப்பான் இல்லாமல் நம்ப முடியாது என்பதே என் கருத்து. பிளாஸ்டிக் வடிகால் குழாய் உருகி எரியும் எரிபொருளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடும்; வார்ப்பிரும்புக் குழாய் போடுங்கள். பலகைக் கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 2 கிலோ பாலிப்ரொப்பிலீன் இழை கலந்தால் சூட்டில் சில்லுசில்லாக வெடிப்பது குறையும்.

தூணுக்கு: யூரோகோட்டில் கார் நிறுத்தக் கட்டடத்துக்கு மோதல் விசை ஓடும் திசையில் 50 கிலோநியூட்டன், குறுக்கே 25, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். தரைத்தளத்தில் மரத்தூணை 700 மி.மீ. கான்கிரீட் பீடத்தின் மேல் தொடங்குங்கள். மோதல் பீடத்தில் முடிந்துவிடும், தெறிக்கும் தண்ணீர் மரத்தை எட்டாது, கரையான் ஏறினால் மண்தடம் பீடத்தில் கண்ணுக்குத் தெரியும். மேல் தளங்களில் பீடம் வைக்க முடியாது. பலகையில் பதித்த எஃகுத் தடுப்புகளைத் தூணைத் தொடாமல் முன்னால் நிறுத்துங்கள்.

உத்திரத்தைத் தூண்களுக்கு நடுவே செருகி அதன்மேல் அடுத்த தூணை வைக்கும் வரைபடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். மரத்தின் ஈரம் 18-இலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால் 1120 ஆழம் 16 மி.மீ. சுருங்கும், ஒவ்வொரு அடுக்குக்கும் அத்தனை இறங்கும். தூண் அடியிலிருந்து மேல்வரை ஓடட்டும், உத்திரம் பக்கத்தில் இருக்கையில் உட்காரட்டும். போல்ட்டுகளை உத்திரத்தின் முழு ஆழத்துக்கும் பரப்பாதீர்கள், அதே சுருக்கம் மரத்தை நீளவாக்கில் பிளந்துவிடும். எல்லாவற்றையும் கீழ் 300 மி.மீ.க்குள் அடக்கி, மேல்முனை கவிழாமல் நீள்துளையில் ஒரே ஒரு போல்ட்.

ஓதம்காப்பான்:

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை. வடிகால்களை அடைத்து, 2 சதவீத வாட்டத்தில் தண்ணீர் தாழ்ந்த பக்கமே நிற்கும் என்பதால் தற்காலிக வரப்புக் கட்டிப் பகுதி பகுதியாக, ஒவ்வொரு இணைப்பின் மேலும் 25 மி.மீ. தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே ஒவ்வொரு தொப்பியின் விளிம்பையும் விளக்கடித்துப் பாருங்கள். சொட்டு விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, தண்ணீரை இறக்கி, அந்த இணைப்பின் பூச்சை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மேலேயே இன்னொரு கை பூசினால் நிற்காது. அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் உத்திர முனைகளிலும், மேல்முகத்துக்கு 50 மி.மீ. கீழும் ஈரமானியின் ஊசியை இறக்கி எண்ணை எழுதிவையுங்கள். 20-ஐத் தாண்டிய இடத்தில் மேலே பலகையைத் தூக்கிப் பாருங்கள்.