சமுதாயக் கல்லூரியில் பார்மசி முன்படிப்பு மாணவர் மன்றம்: தொடங்கலாமா, எப்படித் தொடங்குவது?

கேள்வி:

கணவரின் பணி காரணமாக எச்-4 விசாவில் திருநெல்வேலியிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்ட்டா கிளாரா பகுதிக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. 2019-இல் பி.பார்ம் முடித்தேன். இப்போது அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (பட்டப்படிப்பின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை நடத்தும் கல்லூரி) பொது வேதியியல் படிக்கிறேன். மருந்தாளுநர் ஆவதற்கான பார்ம்.டி படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்களுக்கென்று இங்கே மன்றம் எதுவும் இல்லை. விருப்பமிருந்தால் நீங்களே தொடங்கலாம் என்று கவுன்சலர் சொன்னார். வந்து சில மாதங்களே ஆன ஒருவர் இதை ஏற்று நடத்த முடியுமா? செலவிடும் நேரத்துக்குப் பயன் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு வணக்கம். நானும் பி.பார்ம் முடித்து, எச்-4 விசாவில் இதே பகுதிக்கு வந்து, சமுதாயக் கல்லூரியில் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கியவள். ஆறு பேரோடு இப்படியொரு மன்றத்தைத் தொடங்கினேன். இப்போது மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். தயங்காமல் தொடங்குங்கள் என்பதே என் பதில். எதற்காகத் தொடங்குகிறோம் என்ற தெளிவு முதலிலேயே இருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நம்மைப் போன்றவர்கள் ஏன் இந்த வகுப்பறைகளில் வந்து உட்காருகிறோம் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் இங்கே மருந்தாளுநர் உரிமம் பெற வழிவிடும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழுக்கு, 2003 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். நம் பி.பார்ம் நான்காண்டுப் படிப்பு. இந்தியாவில் 2008-இல் கொண்டுவரப்பட்ட ஆறாண்டு பார்ம்.டி படித்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கிறது, நமக்குத் திறப்பதில்லை. ஆகவே இங்கே பார்ம்.டி-யையே முழுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பாடங்களான பொது வேதியியல், ஆய்வகத்துடன் கூடிய கரிம வேதியியல், உயிரியல், நுண்ணுயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், கால்குலஸ், புள்ளியியல், மேடைப் பேச்சு ஆகியவற்றை முடிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் படித்த பாடத்தைத் திரும்பப் படிக்கிறோமே என்ற மனவருத்தம் எனக்கும் இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாததுதான் அதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

பெரிய பல்கலைக்கழகங்களில் மருத்துவத் துறைகளுக்குச் செல்லும் மாணவர்களுக்கென்றே வழிகாட்டிகள் இருப்பார்கள். சமுதாயக் கல்லூரியில் ஒரே கவுன்சலர் நர்சிங் மாணவருக்கும், கணக்கியல் மாணவருக்கும், நமக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குகிறார். அவர் மீது குறை இல்லை. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பார்மசி கல்லூரியும், ஸ்டாக்டனில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகமும், வல்லேஹோவில் உள்ள டூரோ பல்கலைக்கழகமும் கேட்கும் முன்பாடங்கள் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. எந்தக் கல்லூரி பொருளியல் கேட்கிறது, எது இணையவழி ஆய்வகத்தை ஏற்காது, எது பல ஆண்டுகளுக்கு முன் படித்த பாடத்தை மறுக்கும் என்பதை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே தேடிக் களைத்துப்போகிறார். எங்கள் மன்றம் முதல் பருவத்தில் செய்த ஒரே பெரிய வேலை, பத்துக் கல்லூரிகளின் தேவைகளை ஒரே அட்டவணையில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் சரிபார்த்த தேதியைக் குறித்ததுதான். அந்தத் தேதி இல்லாவிட்டால் அட்டவணையால் தீங்கே விளையும். எடுத்துக்காட்டாக, பார்மசி நுழைவுத் தேர்வான பிகேட் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது; ஆனாலும் அதற்குப் புத்தகம் வாங்கிப் படிக்கச் சொல்லும் பழைய அறிவுரைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தேர்வு போய்விட்டதால், மதிப்பெண் சராசரிக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் நேர்காணலுக்கும் முன்னைவிட எடை கூடியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

தொடங்கும் முறைக்கு வருகிறேன். கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்தில் மன்றங்களுக்கான படிவம் கிடைக்கும். குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, பொறுப்பாளர்களுக்கு இருக்க வேண்டிய மதிப்பெண் சராசரி, அமைப்பு விதிகளின் மாதிரி ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டு பெயரையும் நோக்கத்தையும் மட்டும் எழுதினால் போதும், விதிகளை அழகுபடுத்துவதில் மூன்று வாரத்தைக் கழிக்காதீர்கள். உண்மையில் கடினமான பணி ஆலோசகப் பேராசிரியரைப் பிடிப்பதுதான். வேதியியல் அல்லது உயிரியல் துறையில், நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியரையே அவருடைய அலுவலக நேரத்தில் சென்று பாருங்கள். 'எங்களுக்கு ஆலோசகராக இருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் வேலைப்பளு என்று மறுத்துவிடுவார். 'ஒரு பருவத்தில் நான்கு கூட்டங்கள், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நீங்கள் வந்தால் போதும், கையெழுத்து வேண்டிய படிவங்கள் இவை' என்று தாளில் எழுதிக் கொண்டுபோனால் இசைவார். பெரியவர்களிடம் இப்படி நேராகக் கேட்பது நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் இங்கே அதை மரியாதைக் குறைவாக யாரும் கருதுவதில்லை. இயன்றால் இரண்டு பேரைக் கேளுங்கள். எங்கள் ஆலோசகர் ஓய்வுபெற்றபோது மாற்று ஆள் இல்லாததால் மன்றம் ஒரு பருவம் முழுவதும் முடக்கப்பட்டது.

கூட்ட நேரத்திலும் நான் தவறினேன். வெள்ளிக்கிழமை மாலையில் கூட்டம் வைத்தேன், வந்தவர்கள் இருவர். இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர்கள். கரிம வேதியியல் ஆய்வகம் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில், அதே கட்டடத்தில் கூட்டத்தை மாற்றியபோது பதினைந்து பேர் வந்தார்கள். பணத்தில் இன்னும் கவனம் தேவை. முதல் நிகழ்ச்சிக்கு நான் என் சொந்தப் பணத்தில் உணவு வாங்கிவிட்டுப் பிறகு ரசீதைக் கொடுத்தேன். முன் அனுமதி பெறாததால் அந்தத் தொகை எனக்குத் திரும்பி வரவே இல்லை. மன்றத்தின் பணம் கல்லூரி வைத்திருக்கும் கணக்கில்தான் இருக்க வேண்டும், செலவுக்கு முன்பே ஒப்புதல் வேண்டும் என்பதை உங்கள் பொருளாளருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பார்மசி கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்களை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். ஆனால் அவர்களைவிட, சமுதாயக் கல்லூரியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த மாணவர்கள் இருவரை அழைப்பது அதிகப் பயன் தரும். எந்தப் பாடத்தை முதலில் எடுத்திருக்கலாம், நேர்காணலில் எங்கே திணறினோம் என்று அவர்கள்தாம் மனம் திறந்து சொல்வார்கள். அக்டோபர் மாதம் இங்கே மருந்தாளுநர் மாதமாகக் கொண்டாடப்படுவதால், அருகிலுள்ள மருந்தாளுநர் ஒருவரை அழைக்க அது நல்ல தருணம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூட்டரசின் போதைமருந்து அமலாக்க முகமை நடத்தும் பழைய மருந்து ஒப்படைப்பு நாளைப் பற்றி அறிவிப்பு ஒட்டலாம், மக்களுக்கு இடம் சொல்லலாம். ஆனால் மருந்துகளை மன்றம் கையால் வாங்கக் கூடாது, அதற்கு உரிமை பெற்றவர்கள் மட்டுமே வாங்க வேண்டும்.

விசா தொடர்பாக ஒரு எச்சரிக்கை. மன்றப் பொறுப்பு ஊதியமில்லாத மாணவர் பணி, எச்-4 விசாவில் இருப்பவர் அதை ஏற்பதில் தடையில்லை. மருந்துக்கடையில் நின்று பார்த்துக் கற்பது வேறு, சம்பளம் பெறுபவர் செய்யும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது வேறு. இரண்டாவதை 'தொண்டு' என்று யார் அழைத்தாலும், பணி அனுமதி அட்டை இல்லாமல் செய்யாதீர்கள். பார்மசி டெக்னீஷியனாகப் பணியாற்ற இந்த மாநிலத்தில் பார்மசி வாரியத்தின் உரிமமும் தேவை.

மன்றத்தைத் தமிழர்களுக்கோ இந்தியர்களுக்கோ மட்டுமானதாக ஆக்கிவிடாதீர்கள் என்பதையும் அக்கறையோடு சொல்கிறேன். எங்கள் ஆறு பேரில் வியட்நாமியப் பெண் ஒருவரும், எத்தியோப்பியாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவரும், பதினைந்து ஆண்டுகள் மருந்துக்கடை டெக்னீஷியனாக வேலைசெய்த மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஒருவரும் இருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு மருந்தை ஏன் நிராகரிக்கிறது, அப்போது வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் கற்றது அந்த அம்மையாரிடம்தான்.

சமுதாயக் கல்லூரி மன்றங்கள் பெரும்பாலும் இரண்டாண்டுகளில் மறைந்துவிடுகின்றன, ஏனெனில் தொடங்கியவர்கள் இரண்டாண்டுகளில் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே முதல் பருவத்திலேயே, பொது வேதியியலின் முதல் பகுதியில் இருப்பவர்களில் ஒருவரைத் துணைத் தலைவராக எடுங்கள். அட்டவணை, தொடர்பு முகவரிகள், வரவு செலவு அனைத்தையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைக்காமல் மன்றத்தின் மின்னஞ்சலில் வையுங்கள். தேர்தலை மே மாதத்துக்குள் முடித்தால், புதியவர்களோடு ஒரு கூட்டத்தையாவது நீங்கள் இருக்கும்போதே நடத்திவிடலாம்.

தொடர் கேள்வி:

மிக்க நன்றி அக்கா. ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. என் ஆங்கிலம் எழுத்தில் சரளமாக வருகிறது, பேச்சில் தடுமாறுகிறது. தலைவர் பொறுப்பை நான் ஏற்க வேண்டுமா? பரிந்துரைக் கடிதத்துக்கு அந்தப் பொறுப்பு தேவைப்படுமா?

பதில்:

தேவையில்லை, தங்கை. செயலாளராக இருங்கள். கூட்டக் குறிப்பு எழுதுபவரை ஆலோசகப் பேராசிரியர் நன்றாகவே அறிந்துகொள்வார். பார்மசி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான பார்ம்காஸ் கோடையில் திறக்கும். அதில் நான்கு கடிதங்கள் வரை சேர்க்கலாம், எழுதுபவரே நேராக அனுப்ப வேண்டும். 'இந்த மாணவி ஓராண்டு முழுவதும் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை, அட்டவணையைப் பருவந்தோறும் சரிபார்த்தார்' என்று எழுதக்கூடிய ஒரு பேராசிரியர், பதவிப் பெயரை மட்டும் அறிந்த பேராசிரியரைவிட உங்களுக்கு உதவுவார்.

பேச்சுக்கு எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒரு மருந்தைப் பற்றி, எதிரே நோயாளி நிற்பதாக எண்ணி, ஐந்து நிமிடம் பேச வேண்டும். பி.பார்ம் படித்தவருக்கு மருந்தின் செயல்பாடு தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. நாம் சால்பியூட்டமால் என்று படித்தது இங்கே அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், கிளிபென்கிளமைட் கிளைபுரைட். நேர்காணலில் நம் ஊரில் படித்த மருந்துப் பெயர் வாயில் வந்து நான் விழித்தது உண்டு.

முதல் கூட்டத்துக்குப் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென். சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் பல கலவை மருந்துகளில் அது இருப்பதையும், வயதுவந்த ஒருவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது என்பதையும், மதுப் பழக்கமோ கல்லீரல் நோயோ இருப்பவர் ஏன் முன்னதாக மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் எளிய ஆங்கிலத்தில் எழுதி, கணவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். அன்று உங்களைத் தவிர மற்றவர்கள் முதலாம் ஆண்டு வேதியியல் மாணவர்களாக இருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் உங்களிடம்தான் கேள்வி கேட்க வருவார்கள்.