9 மி.மீ. ரீலோட்: ஸ்லைடு முழுசா மூடல, சிலது முதல் அடியில் வெடிக்கல

சாட்ஸ்வர்த்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. சுட்ட கேஸில் (பித்தளைக் கூட்டில்) நானே மறுபடி தோட்டா செய்றேன். துப்பாக்கி சி.இசட் 75. செம்புப் பூச்சு போட்ட 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) உருண்டை மூக்குக் குண்டு, சோம்கெம் எம்பி200 வெடிமருந்து, ரேஞ்சில் பொறுக்கிய கலவை கேஸ். மருந்து கையேட்டின் ஆரம்ப அளவுதான். மொத்த நீளம் 29.2 மி.மீ. சில தோட்டாவுக்கு ஸ்லைடு ஒன்றிரண்டு மி.மீ. திறந்தே நிற்குது. வேறு சிலது முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்குது. கடைத் தோட்டா எல்லாம் ஒழுங்கா ஓடுது. கிரிம்பை (கேஸ் வாயைக் குண்டோடு நெருக்குவதை) இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

லெனேசியா_பெஞ்ச்:
கிரிம்பில் கை வைக்காதீங்க தம்பி. எங்கே இடிக்குதுன்னு முதலில் பாருங்க. துப்பாக்கியைக் காலி செய்து, பேரலைத் தனியா கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் பின்வாய்) மேலே இருக்கும்படி பிடித்து, தோட்டாவை உள்ளே விடுங்க. நல்ல தோட்டா 'டொக்'னு விழும், விரலால் தொட்டால் சுற்றும், கவிழ்த்தால் தானா வெளியே வரும்.

அப்படி விழாத தோட்டாவுக்குக் கறுப்பு மார்க்கரை முழுக்கப் பூசி மறுபடி விடுங்க. மை எங்கே உரிஞ்சிருக்கோ அங்கேதான் கோளாறு. குண்டின் தோளில் (மூக்கு வளையத் தொடங்கும் இடத்தில்) உரிஞ்சால் நீளம் அதிகம், குண்டு ரைஃப்லிங்கில் (பேரலின் உள்வரிகளில்) முட்டுது. சி.இசட்டில் ரைஃப்லிங் சீக்கிரமே ஆரம்பிச்சிடும், அதனால் வேறு துப்பாக்கியில் ஓடுற நீளம் இதில் ஓடாது. கேஸ் வாயில் உரிஞ்சால், குண்டு வைக்க விரித்த வாய் சரியா மூடல. வாய் விளிம்பில் காலிப்பர் வைத்தால் 9.65 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடிப்பக்கம் உரிஞ்சால் சைஸிங் டை (கேஸைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் அச்சு) ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டை) தொடும் வரை இறங்கல.

கிரிம்ப் குண்டைப் பிடிச்சு வைக்கும்னு பலரும் நினைக்கிறாங்க. 9 மி.மீ.யில் பிடிப்பு வருவது சைஸிங்கில். கிரிம்பின் வேலை விரித்த வாயை நேராக்குவது, அவ்வளவுதான். அதிகமா நசுக்கினால் பித்தளை கொஞ்சம் திரும்பி விரியும், உள்ளே இருக்கிற ஈயம் விரியாது. பிடி தளர்ந்துடும், செம்புப் பூச்சும் அறுபடும். அப்புறம் தோட்டா மேகசினிலிருந்து ஏறும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டு அழுத்தம் எகிறும். சோதிக்க, குண்டின் மூக்கைப் பெஞ்ச் ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் பலமா அழுத்துங்க. அழுத்துவதற்கு முன்னும் பின்னும் மொத்த நீளம் ஒன்றா இருக்கணும்.

மாரிட்ஸ்பர்க்_பிரைமர்:
இரண்டாவது கோளாறுக்கு வேர் வேற. கடைத் தோட்டா ஒழுங்கா வெடிக்குதுன்னா துப்பாக்கி ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவதில் வெடிச்சால் பெரும்பாலும் பிரைமர் (கேஸ் அடியில் நெருப்பு மூட்டும் சின்ன மூடி) அடிவரை உட்காரல. முதல் அடியின் வேகம் பிரைமரைத் தள்ளுவதிலேயே போயிடுது. கண்ணாடி மேசையில் தோட்டாவை நிறுத்துங்க, ஆடினால் பிரைமர் வெளியே நிற்குது. விளிம்புக்குக் கீழே 0.1 மி.மீ. போல இறங்கி இருக்கணும். பிரைமர் உட்காரும் பாக்கெட்டில் சேர்ந்த கரியைச் சுரண்டி எடுங்க. கலவை கேஸில் ராணுவக் கேஸ் கலந்திருந்தால் பாக்கெட் வாயில் பிரைமரை இறுக்க நசுக்கிய வளையம் இருக்கும், அதை எடுக்காமல் பிரைமர் இறங்காது. உட்காராத பிரைமரைத் தோட்டா ஆன பிறகு அழுத்தித் தள்ளாதீங்க, கையிலேயே வெடிக்கலாம். உடைச்சு எடுக்கிறதுதான் வழி.

தண்ணீரில் கழுவுறீங்களா? பழைய பிரைமரோடு கழுவினால் பாக்கெட்டில் ஈரம் தங்கும். டர்பன் ஜனவரி புழுக்கத்தில் மேலே காய்ந்த கேஸ் உள்ளே காய்ந்திருக்காது. பிரைமரைத் தட்டி எடுத்த பிறகு கழுவுங்க.

ஈரம் பட்ட தோட்டா சத்தம் குறைஞ்சு 'புஸ்'னு போனால் அங்கேயே நிறுத்துங்க. குண்டு பேரலில் சிக்கி நிற்கலாம், அடுத்தது சுட்டால் பேரல் கிழியும். காலி செய்து, கழற்றி, பித்தளைக் கம்பியை விட்டுப் பாருங்க. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. வேகமா எரியும் மருந்தில் இரண்டு அளவு விழுந்தாலும் கேஸ் வழியாது. அதனால் எல்லாக் கேஸையும் பிளாக்கில் (துளைப் பலகையில்) அடுக்கி டார்ச் அடிச்சு மட்டம் பார்த்த பிறகே குண்டு வையுங்க. மின்வெட்டு முடிஞ்சு எலக்ட்ரானிக் தராசு போட்டதும் சோதனை எடை வைக்காமல் நிறுக்காதீங்க.

சாட்ஸ்வர்த்காரன்:
நன்றி அண்ணே. சரியா விழாத எல்லாத்திலும் மை குண்டின் தோளில்தான் உரியுது. கேஸ் வாய் 9.63. கண்ணாடியில் நிறுத்தினால் சிலது ஆடுது. 28.9 மி.மீ.யில் தாராளமா சுற்றுது.

லெனேசியா_பெஞ்ச்:
28.9 கடைசி எல்லைதான், 28.5 வையுங்க. ஒரே அச்சில் வந்த குண்டுகூட மூக்கில் கொஞ்சம் மாறும். ஆனால் பழைய மருந்து அளவை அப்படியே போடாதீங்க. குண்டு ஆழமாப் போனால் உள்ளிடம் குறையும், இவ்வளவு சின்னக் கேஸில் அந்த 0.7 மி.மீ.க்கே அழுத்தம் நல்லா ஏறும். உங்கள் குண்டுக்குக் கையேட்டில் போட்ட நீளம் 28.5ஐவிட அதிகம்னா அந்த அளவு உங்களுக்குப் பொருந்தாது. இதே நீளத்துக்கோ இதைவிடக் குட்டைக்கோ தந்த அளவைத் தேடுங்க, கிடைக்காவிட்டால் மருந்து தயாரிப்பாளரிடம் கேளுங்க.

முதலில் மருந்து, பிரைமர் இல்லாமல் இரண்டு டம்மி செய்து பேரலில் விட்டுப் பாருங்க. பிறகு பத்து மட்டும் போடுங்க. உடைக்கப் போற தோட்டாவும், ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா என்ற நம்ம தென்னாப்பிரிக்கச் சட்டக் கணக்கில் சேரும், சும்மா குவிச்சு வைக்காதீங்க. சுத்தியல் புல்லரில் (தட்டிக் குண்டை உருவும் கருவியில்) உடைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. ஷெல் ஹோல்டரை அதில் மாட்டாதீங்க, அதோடு வந்த காலரையே போடுங்க.