ஏ.சி.எல் காலின் பலத்தை அளக்க தராசு வேணும், உதவுங்கோ

வணக்கம். முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல் சவ்வுக்குச் சத்திரசிகிச்சை செய்து, திரும்ப உதைபந்தாட்டம் ஆட வரும் பிள்ளைகளின் முன்தொடைப் பலத்தை அளக்க யாழ்ப்பாணத்தில் ஒரு கதிரை செய்கிறோம்.

தேவை, 150 கிலோ வரை இழுக்கும், உச்ச அளவைப் பிடித்து வைக்கும் டிஜிற்றல் தொங்குதராசு. பாரம் ஆடி நின்ற பிறகுதான் எண் காட்டும் தராசு சரிவராது. பிள்ளை காலை முன்னுக்கு உந்துவது 5 செக்கன்தான், உச்சம் தவறிவிடும்.

முழங்கால் 90 பாகையில் மடிந்திருக்க, கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டி கட்டி, கதிரையின் பின்காலில் பூட்டிய வளையத்தோடு சங்கிலியால் தராசைக் கொழுவுவோம். மூன்று தரம் உந்தல், இடையில் ஒரு நிமிட ஓய்வு. பட்டி இழுபட்டாலும், இடுப்பு கதிரையை விட்டு எழும்பினாலும், சங்கிலி காலுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டாலும் அளவு பிழைக்கும். நைலோன் பட்டி வேண்டாம், இழுபடாத பொலியெஸ்ரர் பட்டி எங்கே கிடைக்கும்?

ஒஸ்லோவில் இந்தச் சத்திரசிகிச்சை செய்த 106 பேரைப் பின்தொடர்ந்து 2016 இல் வந்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு 9 மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்தொடைப் பலம் இரு காலிலும் ஒத்திருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு. இங்கே பலர் மாதத்தை மட்டும் எண்ணுகிறார்கள், அதுதான் கவலை. காயப்பட்ட காலின் பலம் நல்ல காலின் 90 வீதம் வந்தாலும் உடனே நம்பக்கூடாது. படுக்கையில் நல்ல காலும் மெலிந்திருக்கும். அதனால் சத்திரசிகிச்சைக்கு முன்னரே இரண்டு காலையும் அளந்து வைக்க வேணும்.

வளையம் ஒட்ட இரும்பு வேலை செய்பவர், தராசைப் படிக்கற்களோடு சரிபார்க்கத் தெரிந்தவர், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் விளையாட்டு வீரர்களைத் தெரிந்த இயன்மருத்துவர்கள், கீழே எழுதுங்கோ.