சூடானால் நின்றுபோகும் கார்: கிராங்க் சென்சார் மாற்றிய அனுபவம்

என்னுடையது 2004 மாடல் பெட்ரோல் கார். அரை மணி நேரம் நன்றாக ஓடும், திடீரென எஞ்சின் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப்தான் என்றார்கள், மாற்றினேன். மறுநாளே மறுபடி நின்றது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆர்பிஎம் முள் மட்டும் அசையவே இல்லை. எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணர்வது கிராங்க் சென்சார்; அதன் சிக்னல் இல்லையென்றால் எஞ்சின் சுற்றுவதே இசியுவுக்கு (எஞ்சினை இயக்கும் கணினிக்கு) தெரியாது, ஸ்பார்க்கும் வராது. ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக் குறியீடு வந்தது. அந்தக் குறியீடு கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் பழுது என்றுதான் சொல்கிறது, வயராகவும் இருக்கலாம். அதனால் உடனே புதுசு வாங்கவில்லை.

ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்தான், ஆனால் சென்சார் துருவில் இறுகிக் கிடந்தது. ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி எடுத்தேன். காந்த முனை முழுக்க இரும்புத்தூள். துடைத்து மல்டிமீட்டர் வைத்தால் 870 ஓம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மேஜையில் வைத்து ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். எண் மெல்ல ஏறி 1000ஐத் தாண்டியது, சட்டென்று மீட்டரில் ஓஎல், அதாவது இணைப்பே இல்லை. ஆறியதும் மறுபடி 870. சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் விட்டுப்போகிறது! அதைக் கண்ணால் பார்த்தபோது வந்த நிம்மதி சொல்லி மாளாது.

இரண்டு வயர் காந்த வகைக்குத்தான் இந்தச் சோதனை. உள்ளே மின்னணுச் சுற்று இருக்கும் மூன்று வயர் ஹால் சென்சாரில் ஓம் பார்க்காதீர்கள், கெட்டுப்போகலாம்.

புதியதின் ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டினேன். எட்டு மாதமாக ஒருமுறைகூட நிற்கவில்லை.

—

வாசகர் ஒருவரின் பதில்: பழுது வயரிலும் இருக்கலாம் என்று சொன்னீர்களே, எனக்கு நடந்தது அதுதான். என் காரில் பிரச்சினை, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில்; சூடான எஞ்சினிலும் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டியது. எஞ்சின் உறைந்து கிடப்பதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கொட்டியது, கரும்புகை. புது சென்சார் மாட்டியும் அதே மைனஸ் 40. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்த்தேன். வயர் சரியாக இருந்தால் வெப்பநிலை எகிறியிருக்க வேண்டும், அசையவில்லை. கனெக்டர் கழுத்தில், உறைக்குள்ளேயே செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. அரை விரல் நீள வயர் மாற்றியதோடு சரியானது. கழற்றிய பழைய சென்சாரையே திரும்ப மாட்டி ஓட்டுகிறேன்.