ரொக்கத்தை ஒழிக்கப் போய் ரொக்கத்துக்கே திரும்பியது ஏன்?

அல்சூர்வாசி: 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன பிறகுதான் எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சி கியூஆர் அட்டை ஒட்டினார். 2025 ஜூலையில் அவரே அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'காசு மட்டும்' என்று எழுதி வைத்தார். இதை யார் எதிர்பார்த்தார்கள்?

கணக்குப்பிள்ளை: கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைப் பார்த்து சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதுதான் காரணம். ஆண்டு விற்றுமுதல் பொருளுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தினம் 11,000 ரூபாய் கல்லாவில் விழுந்தாலே 40 லட்சம் தாண்டிவிடும். அதில் லாபம் எவ்வளவு நிற்கும்? வரியே இல்லாத காய்கறி விற்றவருக்கும் நோட்டீஸ் போனது, கொடுமை!

சிவாஜிநகர்: அதற்காக விட்டுவிடவா முடியும்? சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில், ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ள வியாபாரிக்கு விற்றுமுதலில் 1 சதவீதம்தானே வரி. ஆனால் அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அல்சூர்வாசி: சரிதான். பழைய வரிப் பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா ஜூலை 23 அன்று அறிவித்தார். அண்ணாச்சியிடம் சொன்னேன். "எழுத்துல குடுக்கச் சொல்லுங்க தம்பி, அப்புறம் ஒட்டுறேன்" என்கிறார்.