இணையத்தில் வாங்கும்போது கிடைக்கும் கேஷ்பேக்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பெற முடியுமா?

சுன்னாகம் தையலகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சுன்னாகத்தில் பெண்களுக்கான சிறிய தையலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். தையல் இயந்திர உதிரிப்பாகங்கள், சிப், லேஸ், பொத்தான் வகைகள் ஆகியவற்றில் ஒரு பகுதியை டராஸ் என்ற இணையக் கடையிலும், இங்கு கிடைக்காத சிலவற்றை அலிஎக்ஸ்பிரஸிலும் வாங்குகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, இணையத்தில் எதை வாங்குவதானாலும் முதலில், செலவழித்த பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் கேஷ்பேக் தளம் ஒன்றுக்குள் சென்று, அங்கிருந்துதான் கடையின் பக்கத்துக்குப் போவதாகவும், அதனால் சில மாதங்களுக்கு ஒரு தடவை தனக்கு ஒரு தொகை வந்து சேர்வதாகவும் சொல்கிறான். கடைக்காரர் எதற்காக மூன்றாம் ஆள் ஒருவர் மூலமாகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், விலையிலேயே குறைத்துவிடலாமே என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என்னிடம் இப்போது பற்றட்டை (டெபிட் கார்ட்) மட்டுமே உள்ளது. கேஷ்பேக் தரும் கடனட்டை ஒன்றை எடுக்கும்படி வங்கியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில், நான் இருக்கும் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர், 5,000 ரூபா கட்டி அங்கத்தவரானால் டராஸில் வாங்கும் எல்லாவற்றுக்கும் 20 வீதம் திரும்பக் கிடைக்கும் என்றும், புதிதாக ஆட்களைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேலும் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். இவற்றில் எதை நம்பலாம், எது எனக்குப் பயன்படும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருநெல்வேலி கணினியாளர்

வணக்கம் அக்கா. விலையில் ஏன் குறைக்கவில்லை என்ற உங்கள் கேள்விதான் இதில் முக்கியமானது; அதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

இணையக் கடைகள் தமக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைப்பவர்களுக்குத் தரகு கொடுக்கின்றன. அமேசன் 1996ஆம் ஆண்டிலேயே இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. பத்திரிகையில் விளம்பரம் செய்தால் பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். இங்கோ விற்பனை நடந்த பின்னரே தரகு போகிறது என்பதால் கடைக்கு இது பிடித்தமான விளம்பரச் செலவு. கேஷ்பேக் தளம் தனக்குக் கிடைக்கும் அந்தத் தரகில் ஒரு பங்கை, வாங்கியவருக்கே கொடுத்துவிடுகிறது. உதாரணமாக, 20,000 ரூபாப் பொருளுக்குக் கடை 6 வீதத் தரகு கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தளத்துக்கு 1,200 ரூபா கிடைக்கும். அதில் பாதியைத் தளம் பகிர்ந்தால் உங்களுக்கு 600 ரூபா, அதாவது விலையில் 3 வீதம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எல்லாப் பொருளுக்கும் 20 வீதம் என்று எழுதியவரின் வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி தானாகவே எழும்.

விலையைக் குறைத்தால் அது எல்லோருக்கும் போய்விடும். எப்படியும் அதே விலைக்கு வாங்கியிருக்கக்கூடியவருக்கும் போகும். கேஷ்பேக்கோ, பதிவுசெய்து, இணைப்பைத் தேடி, மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாரானவருக்கு மட்டுமே போகிறது. காத்திருப்பவர்களிலும் ஒரு பகுதியினர் மறந்துவிடுவார்கள், வேறு சிலரின் கொள்வனவு பதிவாகாமலே போய்விடும். கடைக்குப் பட்டியல் விலையும் குறையவில்லை, வாடிக்கையாளரும் வந்துவிட்டார்.

இந்த முறை புதியதல்ல. உங்கள் தம்பி பயன்படுத்துவது அநேகமாக ரக்குட்டெனாக இருக்கலாம். அமெரிக்காவில் 1998இல் ஈபேட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனத்தை ஜப்பானிய ரக்குட்டென் 2014இல் ஏறத்தாழ நூறு கோடி டொலருக்கு வாங்கியது. தரகில் பங்கு கொடுப்பதை வைத்தே இவ்வளவு பெரிய வணிகம் வளர்ந்திருக்கிறது.

பதிவாகாமல் போவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். தளத்தில் உள்ள இணைப்பை அழுத்தும்போது உங்கள் உலாவியில் குக்கி எனப்படும் சிறு குறிப்பொன்று பதியப்படுகிறது. பணம் செலுத்தும் வேளையில் கடை அந்தக் குறிப்பைப் பார்த்து, இவரை அனுப்பியது இன்ன தளம் என்று எழுதிக்கொள்கிறது. பொதுவாகக் கடைசியாக அழுத்திய இணைப்புக்கே தரகு சேரும். ஆகவே, கேஷ்பேக் தளத்தின் வழியாகச் சென்ற பிறகு இடையில் கூப்பன் தளமொன்றைத் திறந்து அங்குள்ள இணைப்பை அழுத்தினால், முன்னைய பதிவு அழிந்துவிடலாம். விளம்பரத் தடுப்பான் இயங்கிக்கொண்டிருப்பது, உலாவியில் தொடங்கி நடுவில் கடையின் செயலிக்குத் தாவிவிடுவது, நேற்றே கூடைக்குள் போட்டுவைத்த பொருளை இன்று வாங்குவது ஆகியனவும் இதே விளைவைத் தரக்கூடும். உலாவியுடன் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான நீட்சிகளிலும் கவனம் வேண்டும். இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபாலுக்குச் சொந்தமான ஹனி என்ற நீட்சி, பிறருக்குச் சேரவேண்டிய தரகுக் குறிப்பை மாற்றித் தன் குறிப்பை இடுகிறது என்று 2024 டிசம்பரில் பெரிய சர்ச்சை எழுந்து, வழக்குகளும் தொடரப்பட்டன. கூப்பன் தேடித் தருவதாகச் சொல்லும் நீட்சியும் இத்தகைய தரகை நம்பியே இயங்குகிறது.

இனி எங்கள் ஊர் நிலைமை. மேல்நாட்டுத் தளங்கள் பலவும் தத்தம் நாட்டில் வசிப்பவர்களுக்கே உரியவை. வெளிநாட்டவரை ஏற்கும் தளத்தில் பதிவுசெய்தாலும், சேர்ந்த பணத்தை எடுக்கும் இடத்தில் சிக்கல் வரும். பலவற்றில் பேபால்தான் வழி. இலங்கையில் திறக்கப்படும் பேபால் கணக்கிலிருந்து பணம் செலுத்த முடியுமே தவிர, பணத்தைப் பெற முடியாத நிலையே பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. எனவே எந்தத் தளத்திலும் சேருவதற்கு முன்னர், எத்தனை வீதம் தருகிறார்கள் என்பதைப் பார்க்காமல், எந்த வழியில், எந்தக் குறைந்தபட்சத் தொகைக்குப் பிறகு பணத்தைத் தருகிறார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.

வடமராட்சி, இப்போது லண்டன்

கணினியாளர் கூறியதுடன், பயன்படுத்துபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். இங்கே டொப்கேஷ்பேக், குவிட்கோ ஆகிய இரண்டு கேஷ்பேக் தளங்களும் 2005 முதல் இயங்குகின்றன. விளம்பரத்தில் தெரியும் வீதம் பெரும்பாலும் வரியும் விநியோகக் கட்டணமும் நீங்கிய விலைக்கே கணக்கிடப்படும். இங்கு பெறுமதி சேர் வரி 20 வீதம் என்பதால், 120 பவுண் கொடுத்து வாங்கிய பொருளின் வரியற்ற விலை 100 பவுண். 5 வீதம் என்றால் வருவது 5 பவுண், 6 பவுண் அல்ல. பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகே கடை அதை உறுதிப்படுத்தும் என்பதால், கணக்கில் நிலுவையில் உள்ளது என்று காட்டும் தொகையை வந்த பணமாக எண்ணக்கூடாது. பயண முன்பதிவு என்றால் பயணம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

உண்மையில் பெரிய தொகை வருவது ஆடை, சப்பாத்து போன்றவற்றில் அல்ல. கைத்தொலைபேசி ஒப்பந்தம், வாகனக் காப்புறுதி, அகன்ற அலைவரிசை இணைய இணைப்பு ஆகியவற்றுக்குத்தான் இங்கு பத்துக்கணக்கான பவுண்கள் தருவார்கள், ஏனெனில் ஒரு வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுவார் என்பதால் அந்த நிறுவனங்கள் கொடுக்கும் தரகும் பெரியது. ஊரில் உள்ள உங்களுக்கு இந்தப் பகுதி பயன்படாது.

ஓய்வுபெற்ற வங்கியாளர், கொக்குவில்

தங்கைக்கு வணக்கம். கடனட்டை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் எழுதுகிறேன்.

அட்டை மூலம் பணம் செலுத்தும்போது கடைக்காரர் ஒரு சிறு வீதத்தைக் கட்டணமாக வங்கித் தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறார். அந்த வருமானத்திலிருந்தும், நிலுவை வைப்பவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும்தான் உங்களுக்குக் கேஷ்பேக் வருகிறது. ஆகவே இந்தச் சலுகையால் நன்மை அடைபவர், மாதாந்தக் கணக்கை உரிய நாளில் முழுமையாகக் கட்டி முடிப்பவர் மட்டுமே. வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 50,000 ரூபாவை ஒரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி மட்டுமே ஏறத்தாழ 1,000 ரூபா ஆகிவிடும். அதே 50,000 ரூபாவுக்கு 1 வீதக் கேஷ்பேக் 500 ரூபாதான். தாமதக் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர் உச்சவரம்பைக் கேளுங்கள். 5 வீதம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, மாதமொன்றுக்கு 2,000 ரூபாவுக்கு மேல் இல்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், 40,000 ரூபாவைத் தாண்டிய செலவுக்கு ஒன்றும் கிடையாது. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எந்த வகைச் செலவுகள் கணக்கில் சேரா, கேஷ்பேக் கணக்கில் வரவு வைக்கப்படுமா அல்லது புள்ளிகளாக வந்து காலாவதியாகுமா என்பனவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தொலைபேசியில் விற்பனைப் பிரிவினர் சொல்வது அனைத்தும் படிவத்தில் இருப்பதில்லை.

அலிஎக்ஸ்பிரஸில் வாங்குவதாகச் சொல்கிறீர்கள். வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும்போது வங்கி தன் மாற்று வீதத்தில் ஒரு மேலதிகத்தைச் சேர்க்கும். கடனட்டையாயின் முத்திரைத் தீர்வையும் உண்டு. பொதி வந்திறங்கும்போது சுங்க வரிகளும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் விதிக்கப்படக்கூடும். 2 அல்லது 3 வீதக் கேஷ்பேக் இவற்றுக்குள்ளேயே கரைந்துவிடும்.

வட்ஸ்அப் செய்தி பற்றிச் சந்தேகமின்றிச் சொல்கிறேன், பணம் கட்ட வேண்டாம். முறையான கேஷ்பேக் தளம் முன்கூட்டியே பணம் கேட்பதில்லை. கட்டணம் உள்ள சில தளங்களும் நீங்கள் ஈட்டிய தொகையிலிருந்தே அதைக் கழித்துக்கொள்கின்றன. ஆள் சேர்ப்பதால் வருமானம் வரும் என்று சொன்ன இடத்திலேயே அது பிரமிட் திட்டமாகிவிடுகிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அத்தகைய திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துபவர் மட்டுமன்றி, அதில் சேரும்படி பிறரைத் தூண்டுபவரும் குற்றவாளி ஆவார் என்பதை அந்தக் குழுவில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். அட்டை இலக்கத்தையோ, கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ கேஷ்பேக் அனுப்புவதற்காக என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்புவதற்குக் கணக்கு இலக்கம் போதும்.

நல்லூர்க் கடைக்காரர்

எல்லாம் சரி. ஆனால் விலையை ஒப்பிட்டீர்களா? இணையத்தில் 5 வீதம் திரும்ப வருகிறது என்று வாங்கிய பொருள், யாழ். நகரில் 10 வீதம் குறைவாகவும், பழுதானால் கையில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய உத்தரவாதத்துடனும் கிடைப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். நான் கடைக்காரன் என்பதால் இப்படித்தான் சொல்வேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

சுன்னாகம் தையலகம்

நேரம் ஒதுக்கி விளக்கிய அனைவருக்கும் நன்றி. வட்ஸ்அப் குழுவில் இந்தச் சட்டப் பிரிவைப் பதிந்துவிட்டேன். எழுதியவர் தன் செய்தியை நீக்கிவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. டராஸுக்கு என்று பயன்படக்கூடியது எதுவுமே இல்லையா? அடுத்தது, தம்பியின் கேஷ்பேக் கணக்கின் இணைப்பை நான் இங்கிருந்து அழுத்தி வாங்கினால், அவனுடைய கணக்கில் பணம் சேருமா?

திருநெல்வேலி கணினியாளர்

டராஸைப் பொறுத்தவரை, கடை தரும் வவுச்சரும், 11.11 (நவம்பர் 11) போன்ற விற்பனை நாட்களில் குறிப்பிட்ட வங்கி அட்டைகளுக்குத் தரப்படும் கழிவும்தான் எங்களுக்கு நடைமுறையில் உள்ளவை. பிறகு வரும் கேஷ்பேக்கை விட அந்த இடத்திலேயே குறையும் கழிவு மேலானது. பொருளைத் திருப்பினாலும் கணக்குக் குழம்பாது. பொருளைப் பெற்றுக்கொண்டு காசு கொடுக்கும் முறையைத் தெரிவுசெய்தால் அட்டைக்கழிவு கிடைக்காது என்பதை மட்டும் கவனியுங்கள். விற்பனை நாளுக்கு முன்னரே, தேவையான பொருட்களின் விலை தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தால், அன்று காட்டப்படும் கழிவு மெய்யானதா என்பது தெரிந்துவிடும்.

தம்பியின் கணக்கை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். கணக்கு வைத்திருப்பவர் தன் சொந்தக் கொள்வனவுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மீறினால் அவர் இதுவரை சேர்த்த தொகையும் போய்விடலாம். அதற்குப் பதிலாக, கனடாவுக்குள் விநியோகிக்கும் கடையில் அவரே தன் பெயரில் வாங்கி, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினால், அந்தக் கேஷ்பேக் முறைப்படி அவருக்கே சேரும். பொத்தான், கத்தரிக்கோல், இயந்திரத்தின் பாதங்கள் போன்றவற்றுக்கு அந்த வழி சரிவரும். தையல் இயந்திர மோட்டார், விளக்கு ஆகியவற்றை மட்டும் அங்கிருந்து எடுப்பிக்க வேண்டாம். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ற், இங்கு 230 வோல்ற்.