422 பைட்ஸ் ஃப்ரீ: மோட் மாறிப்போன கதைகள்

வெள்ளவத்தைப் பொடியன்
மாமா சர்வேயர். அவருடைய கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி தெரியும்தானே, 1985இல் வந்த முதல் கிராஃப் கல்குலேட்டர். பி0 என்ற புரோகிராம் இடத்தில் டிராவர்ஸ் (காணியைச் சுற்றி அளந்த கோணங்களையும் நீளங்களையும் வைத்துப் போடும் கணக்கு), பி1இல் மட்டக் கணக்கு (நிலத்தின் உயர வித்தியாசம்), இரண்டும் அவரே இரவிரவாக அடித்துப் போட்டவை. தெஹிவளையில் ஒரு காணி. "பி0ஐ ஓட்டு தம்பி" என்று கையில் தந்துவிட்டுக் கோணம் அளக்கும் தியோடலைட்டில் கண்ணை வைத்தார். மோட் 1 ஓட்ட, 2 எழுத, 3 அழிக்க. நான் 3ஐ அமுக்கிவிட்டேன். புரோகிராம் நம்பர்களின் வரிசை வந்ததும் இங்கேதான் தெரிவு செய்யவேண்டும் போல என்று நினைத்தேன். எதுவும் ஓடவில்லை, பழக்கதோஷத்தில் திரையைத் துடைக்கிற ஏசி பொத்தானை அமுக்கினேன். மோட் 3இல் அது புரோகிராமையே அழித்துவிடும். அப்புறம் அடுத்த நம்பருக்குப் போய் இன்னொரு ஏசி. திரையில் "422 பைட்ஸ் ஃப்ரீ". அதன் மொத்த நினைவகமே 422தான்! மாமா ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்துக் கையால் கணக்குப் போடத் தொடங்கினார், அந்தப் பென்சில் சத்தம் இன்னும் கேட்கிறது.

காணிக்காரன்
முதல் ஏசியை மன்னிக்கலாம், இரண்டாவது எதற்கு? என் கதை கேசியோ 9860 கல்குலேட்டரில். புதுப் புரோகிராமுக்குப் பெயர் கொடுக்கும்போது ரன்னா (சாதாரணக் கணக்கு) பேஸா (பைனரி, ஹெக்ஸ் போன்ற எண்முறைக் கணக்கு) என்று கீழே இருக்கும், நான் பார்க்காமல் பேஸில் எழுதிவிட்டேன். 2000 சதுர அடியை 272ஆல் (ஒரு பேர்ச்சஸ் காணி கிட்டத்தட்ட அவ்வளவு சதுர அடி) வகுத்தால் 7.35 பேர்ச்சஸ் வரவேண்டும், வந்தது வெறும் 7. பேஸில் முழு எண் மட்டும்தான், தசமத்தை வெட்டிவிடும். வெள்ளவத்தையில் 0.35 பேர்ச்சஸ் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். லிஸ்டில் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'பி' நின்றது, அது பேஸின் B; நான் புரோகிராமின் P என்று நினைத்திருந்தேன்.

பம்பலப்பிட்டி அப்பா
இரண்டு பேரும் திரையை வாசிக்கவில்லை, அவ்வளவுதான். மகள் லண்டன் ஏ லெவலுக்கு டிஐ-84 கிராஃப் கல்குலேட்டர் வைத்திருக்கிறாள். புரோகிராம் எழுதுகிற எடிட்டருக்குள் நின்றபடியே ஓட்டப் பார்த்து, ஓட்டுவதற்கான எக்சிக் மெனுவில் தன் புரோகிராமின் பெயரையே தெரிவு செய்திருக்கிறாள். எடிட்டருக்குள் அது ஓட்டாது, பெயரை வரியாக ஒட்டிவிடும். புரோகிராம் தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு மெமரி எரர். முதலில் குவிட் அடித்து வெளியே வரவேண்டும் பிள்ளை என்றேன், "தெரியும் அப்பா" என்றாள், திரும்பவும் அதையே செய்தாள்.

தம்பிமாரே, கேளுங்கள். எந்தப் புரோகிராமையும் முதலில் கொப்பியில் எழுதி வையுங்கள். இரவல் கல்குலேட்டர் என்றால் சைன் 30 அடித்துப் பாருங்கள், 0.5 வந்தால் டிகிரி, மைனஸ் 0.988 வந்தால் ரேடியன். டிகிரியாக மாற்றுகிற கட்டளையைப் புரோகிராமின் முதல் வரியிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பிறகு விடை தெரிந்த ஒரு பழைய கணக்கைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், புது பட்டரி போட்ட பிறகும்...

காணிக்காரன்
அண்ணா, யாரும் கேட்கவில்லையே. பொடியன், மாமா திரும்ப அடித்தாரா?

வெள்ளவத்தைப் பொடியன்
பி0 மட்டும். பி1 எந்தக் கொப்பியிலும் இருக்கவில்லை.